எஞ்சினுக்குக் காய்ச்சிய எண்ணெய்

கொழிஞ்சிப்பட்டி,
ராசிபுரம் வழி.
20-1-1980

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். பொங்கல் போய்விட்டது. உங்களுக்கென்று அத்தை எடுத்து வைத்த முறுக்கு நமுத்துப் போகும் வரை யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசியில் மாடு தின்றது. இதைக் குறையாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது பொங்கல் இது. முதல் ஐந்து மாதம் வீட்டில் இருந்தீர்கள். பிறகு ஆழ்குழாய்க் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஏறினீர்கள். கேட்கிறவர்களுக்கு, "அவரு சோலாப்பூர்ப் பக்கம் போர் போடறாருங்க" என்று சொல்லிச் சொல்லி, பார்க்காத அந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது.

இப்போது முக்கியமான விஷயம். மேட்டுக்காட்டில் குச்சிக்கிழங்கு நட்டிருக்கிறோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. எஞ்சினுக்கு டீசல் இல்லை. ராசிபுரம் பெட்ரோல் பங்கில் டீசல் பேரல்களை வரிசையில் போட்டுவிட்டு நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம். ஈரானில் கலகமாம், அசாமில் கிளர்ச்சியாம். பங்குக்காரர், "லாரிக்கே இல்லீங்க, உங்க எஞ்சினுக்கு நான் எங்க போறது" என்கிறார். கரண்டு கேட்டு எழுதிக் கொடுத்தது அப்படியே கிடக்கிறது.

கட்டுத்தறியில் புங்க எண்ணெய் விளக்கு எரிகிறது. விளக்கில் எரிகிற எண்ணெய் எஞ்சினில் எரியாதா? கேட்டால் உங்கள் அண்ணன் சிரிக்கிறார். நீங்கள் எஞ்சினோடு பிறந்தவர் என்று அத்தை சொல்வார்கள். சிரிக்காமல் பதில் எழுதுங்கள்.

தெய்வநாயகி

—

முகாம், சோலாப்பூர் ஜில்லா.
3-2-1980

நாயகிக்கு,

நான் சிரிக்கவில்லை. இங்கே கம்ப்ரசர் அருகில் உட்கார்ந்து உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

புங்க எண்ணெய் எரியும். ஆனால் டீசலைவிடக் கெட்டி. குளிர்ந்த எஞ்சினில் ஊற்றினால், எண்ணெயைப் பீய்ச்சுகிற நாசில் அடைத்துக்கொள்ளும். டீசலில் ஸ்டார்ட் பண்ண வேண்டும். எஞ்சின் சூடான பிறகு எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு மாற்றி, குழாயில் நிற்கிற எண்ணெய் எரிந்து போகும்படி கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். எண்ணெய் வரும் செம்புக் குழாயைச் சைலன்சரில் சுற்றிவிட்டால் அந்தச் சூட்டில் இளகி வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் வீரபாகுவிடம் இந்தக் காகிதத்தைக் காட்டு. பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன்.

பொங்கலுக்குக் கிளம்பத்தான் இருந்தேன். போர் போடுகிற ராடு குழிக்குள் மாட்டிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது.

இங்கே கரிசல் மண். நேற்று ஒரு காட்டில் முந்நூறு அடியில் தண்ணீர் வந்தது. ஊரே ஓடி வந்தது. நம் காட்டில் தண்ணீர் இருந்தும் மேலே வரவில்லை என்று நீ எழுதியது ஞாபகம் வந்து, மேலெல்லாம் சேறாக நின்றுகொண்டிருந்தேன்.

வேறொன்றுமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சண்முகவேல்

—

கொழிஞ்சிப்பட்டி,
25-3-1980

அன்புள்ள மாமாவுக்கு,

ஓடியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வீரபாகு உங்கள் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு நேராகப் பிடித்தார். "சம்முகவேலு கோடு போட்டா அதுல தப்பு இருக்காதுங்க" என்று சொல்லி, குழாயைச் சுற்றிக் கொடுத்தார். செக்கில் ஆட்டிய எண்ணெயை ஊற்றி, நீங்கள் எழுதியபடியே மாற்றினேன். எஞ்சின் ஒரு விக்கல் விக்கியது. பிறகு ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடையில் இறங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இல்லையே என்றுதான் இருந்தது. மற்ற நேரத்தில் அப்படி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இனிமேல் தொல்லையைச் சொல்கிறேன். எண்ணெய் டிரம்மில் நிற்க நிற்கப் பிசின் மாதிரி ஆகிறது. வாடையும் மாறுகிறது. அதை ஊற்றினால் நாசில் அடைக்கிறது. கழற்றிக் கழுவிக் கழுவி என் கையைப் பார்த்தால் கல்யாணமான கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக்கீரையைப் போடுகிறோம். போட்டால் நெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. நெய்யைக் காப்பாற்றுவது புங்க எண்ணெயைக் காப்பாற்றாதா? கீரையைப் போட்டேன். ஈரம் இறங்கி எஞ்சின் திக்கியது. பிறகு செக்குக்காரர் ஒரு பேச்சு சொன்னார். தோலோடு ஆட்டிய கடலை எண்ணெய், தோல் நீக்கி ஆட்டியதைவிட நாள்பட நிற்குமாம். கடலை மிட்டாய் போடுகிற இடத்தில் வறுத்துத் தேய்த்த சிவப்புத் தோலைத் தூற்றிக் குப்பையில் கொட்டுகிறார்கள். ஒரு சாக்கு அள்ளி வந்தேன். தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் சாறு இறங்குகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எண்ணெயோடு சேரவில்லை. தனியாக அடியில் நிற்கிறது, நம் இரண்டு பேரையும் மாதிரி.

கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். மை வீணாகும். இருக்கட்டும்.

தெய்வநாயகி

—

முகாம், சோலாப்பூர் ஜில்லா.
10-4-1980

நாயகிக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது கூட வேலை செய்கிற பையன்கள் பக்கத்தில் இருந்தார்கள். எழுந்து தூரமாகப் போய்விட்டேன்.

தோல் விஷயம். இங்கே சின்ன ஊர் ஒன்றில் ஒரு ஹோமியோபதி டாக்டர் இருக்கிறார். கையில் ராடு நசுக்கிய காயத்துக்கு அவரிடம் போனேன். (ஆறிவிட்டது, பயப்படாதே.) வேரையும் பட்டையையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வைத்திருக்கிறார். தண்ணீரில் இறங்காததும் அதில் இறங்குமாம். பிறகு ஸ்பிரிட் ஆவியாகப் போய்விட்டால் சாறு மட்டும் நிற்கும். உன் தோலையும் அப்படி ஊறவைத்து, அந்தச் சாற்றில் ஒரு துளியை எண்ணெயில் விட்டுப் பார்க்கலாம். டிரம் எண்ணெய்க்குக் கொஞ்சம் போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? உன் முகம் எனக்கு முழுசாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. குரல் வருகிறது. நீ தலை துவட்டுகிற விதம் வருகிறது. முகத்தை நினைத்தால் கலங்கிவிடுகிறது. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஆடிப் பதினெட்டுக்குக் கண்டிப்பாக வாரேன்.

சண்முகவேல்

—

கொழிஞ்சிப்பட்டி,
2-6-1980

அன்புள்ள மாமாவுக்கு,

போட்டோ இல்லை. அத்தையோடு ஸ்டூடியோ வரை போனேன். போட்டோக்காரர் உட்கார வைத்து, "சிரிங்கம்மா" என்றார். எழுந்து வந்துவிட்டேன். ஆடிக்கு வருகிறவருக்குப் போட்டோ எதற்கு? வந்து பாருங்கள்.

ஸ்பிரிட் எங்கேயும் தரமாட்டேன் என்கிறார்கள். மதுவிலக்கு இருக்கும்போது பொம்பளை போய் ஸ்பிரிட் கேட்டால் கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான். ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

புங்கங்காய் உதிர்கிற காலம். நானும் அத்தையும் ஏரிக்கரையில் பொறுக்குகிறோம். கிழங்குச் செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. நீங்கள் வரும்போது இடுப்பு உயரம் இருக்கும்.

தெய்வநாயகி

—

முகாம், ஜோத்பூர் பக்கம்,
ராஜஸ்தான்.
14-9-1980

நாயகிக்கு,

ஆடிக்கு வர முடியவில்லை என்று எழுதியதற்குப் பதில் இல்லை. ரிக் இவ்வளவு தூரம் வந்துவிட்டதை எழுதினேன். அதற்கும் இல்லை. உனக்குக் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். கோபமாக இருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் எழுதியிருக்கிறார். "உன் பொண்டாட்டி சாராயம் காய்ச்சிப் பிடிபட்டாள். ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். இனி அவள் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். உனக்கு இரண்டு வார்த்தை கண்டித்து எழுதவும் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பதில் போடவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

கண்டிக்க என்ன இருக்கிறது? ஸ்பிரிட் என்று எழுதியது நான். தோலை ஊறவைக்கத்தான் காய்ச்சியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னை அடித்தார்களா? சாப்பிட்டாயா? அம்மா என்ன சொன்னாள்? நீ ஏன் எனக்கு எழுதவில்லை? அண்ணன் எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இங்கே எங்கு பார்த்தாலும் மணல். ராத்திரி குளிர்கிறது. பதில் எழுது. திட்டியாவது எழுது.

சண்முகவேல்

—

கொழிஞ்சிப்பட்டி,
1-10-1980

அன்புள்ள மாமாவுக்கு,

அடிக்கவில்லை. சாப்பிட்டேன். அத்தை சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

சேகோ மில்லில் கிழங்கைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற திப்பி களத்தில் மலையாகக் கிடக்கிறது. மாட்டுக்கென்று வாங்கி வந்தேன். கட்டுத்தறிக்குப் பின்னால் ஊறப்போட்டுக் காய்ச்சினேன். வந்ததை வேறு எதற்கும் தொடவில்லை. கடலைத் தோலை அதில் ஊறவைத்தேன். செம்பருத்திப் பூ நிறத்தில் சாறு இறங்கியது. எண்ணெயில் கலந்து வைத்தேன். ஒரு மாதம் ஆகியும் அந்த எண்ணெய் இளகலாகவே நின்றது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று மை ஊற்றிய அன்றைக்குத்தான் போலீஸ் வந்தது.

யார் சொல்லி வந்தார்கள் என்பது தெரிந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பானைகளை உடைத்தார்கள். சாற்றைக் கீழே ஊற்றினார்கள். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். ஊர் முழுவதும் வீட்டு வாசலில் நின்று பார்த்தது. நான் தலை குனியவில்லை. குனிந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஜீப் ஊரைத் தாண்டியதும் அழுதுவிட்டேன்.

அத்தை ஒரு சீசாவில் மிச்ச எண்ணெயை எடுத்துக்கொண்டு நடந்தே ஸ்டேஷனுக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசையில் அதை வைத்தார்கள்.

"ஏஞ்சாமி, இது குடிக்கறதுக்குக் காச்சுனதுங்களா? ஒருக்கா நாக்குல வெச்சுப் பாருங்க. நாயி கூட மோந்து பாக்காதுங்க. என்ற மருமவ எஞ்சினுக்குக் காச்சுனா."

"எஞ்சின் சாராயம் கேட்டுச்சாம்மா?" என்றார் அவர்.

"எஞ்சினு டீசல் கேட்டுச்சுங்க. அதத்தான் நீங்க தரமாட்டீங்கறீங்களே."

அந்த ஆள் சிரித்துவிட்டார். சிரித்தாலும் கேஸ் எழுதினார். கோர்ட்டில் நீதிபதி இனிமேல் செய்யக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார். அவ்வளவுதான் நடந்தது.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். ஆடிக்கு வருவீர்கள், வந்ததும் உங்கள் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. எழுத்தில் சொன்னால் அது வெறும் சேதி. நீங்கள் வரவில்லை. அதற்குப் பிறகு எழுத மனசில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோதுகூடத் தனியாக இருப்பதாகத் தோன்றவில்லை. ஆடி முடிந்த மறுநாள்தான் தோன்றியது.

தெய்வநாயகி

—

முகாம், ஜோத்பூர் பக்கம்.
20-10-1980

நாயகிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். தை மாதம் வாரேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ரிக் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் நான் ரயில் ஏறுவேன்.

சண்முகவேல்

—

கொழிஞ்சிப்பட்டி,
9-2-1981

அன்புள்ள மாமாவுக்கு,

வந்தீர்கள், போனீர்கள். வீடு பழையபடி ஆகிவிட்டது. இல்லை, பழையபடி ஆகவில்லை. கயிற்றில் உங்கள் துண்டு காய்கிறது. எடுக்கவில்லை.

நீங்கள் வந்த அன்று, பைப்படியில் கால் கழுவிக்கொண்டே என்ன கேட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஏம்புள்ள, எஞ்சினு பில்டர் மாத்துனயா?" என்றீர்கள். "மாத்துனனுங்க" என்றேன். இத்தனை காலம் காத்திருந்ததற்கு அதுதான் பேச்சு. பிறகு எஞ்சின் அருகில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் சோறு கொண்டு வந்து வைத்தேன். நீங்கள் சாப்பிட்டீர்கள். அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் காரியம் என்று புதுச்சத்திரம் போய்விட்டார்கள். அப்படி ஒரு காரியமும் இல்லை. அது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அப்போதும் நீங்கள் நாசிலைப் பற்றித்தான் பேசினீர்கள். நானும் நாசிலைப் பற்றித்தான் பதில் சொன்னேன்.

கடிதத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர். வீட்டுக்கு வந்தவர் வேறொருவர். உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா?

ராசிபுரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு சன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தீர்கள். அதை வந்த அன்றே பார்த்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

எண்ணெய்ச் சேதி ஒன்று. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தலைக்குத் தைலம் காய்ச்சும்போது வேரை எண்ணெயிலேயே போட்டு இளஞ்சூட்டில் வைக்கிறோம் அல்லவா? கடலைத் தோலையும் துணியில் முடிந்து புங்க எண்ணெயிலேயே போட்டு, அடுப்பு அணைந்த சாம்பல் சூட்டில் வைத்தேன். ஸ்பிரிட்டில் எடுத்தது போல இல்லை. ஆனாலும் சும்மா வைத்த எண்ணெய்க்கும் இதற்கும் நல்ல வித்தியாசம் தெரிகிறது. இதற்கு யாரும் ஜீப் கொண்டு வர மாட்டார்கள். உங்கள் பெட்டியில் துணிக்கு அடியில் ஒரு சீசா வைத்திருக்கிறேன். சட்டையில் சிந்தியிருந்தால் மன்னியுங்கள்.

தெய்வநாயகி

—

முகாம், பாலி பக்கம்,
ராஜஸ்தான்.
24-2-1981

நாயகிக்கு,

சிந்தவில்லை. முகாமில் லைட் போடுகிற சின்ன எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றினேன். ஓடியது. டிரைவர், "என்னய்யா வாடை இது, யாரு காச்சுனது" என்று கேட்டார். "என்ற ஊட்டுக்காரி" என்றேன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. போலீஸ் ஜீப்பில் தலை குனியாமல் போனவளைத் தேடிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒருத்தி தலை குனிந்து சோறு போட்டாள். உன்னைத் தொட்டால் கோபித்துக்கொள்வாயோ என்று பயமாக இருந்தது. இத்தனை நாள் விட்டுவிட்டுப் போனவனுக்கு என்ன உரிமை என்று நீ கேட்டுவிடுவாயோ என்றும் பயம். எஞ்சினுக்கு என்னிடம் கோபம் இல்லை. அதனால் அதன் அருகில் உட்கார்ந்தேன்.

முந்தாநாள் ஒரு காட்டில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். பீய்ச்சி அடித்தது. காட்டுக்காரன் ஓடிப்போய் முக்காடு போட்ட பொண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். ஊர் பார்க்க இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். அவள் முக்காடு நழுவியதை அவள் கவனிக்கவில்லை. நான் லீவரைப் பிடித்தபடி பார்த்தேன். எத்தனையோ ஊரில் தண்ணீர் வந்து பார்த்துவிட்டேன். பக்கத்தில் நீ நின்று பார்த்தது ஒன்றுகூட இல்லை. மேட்டுக்காட்டு வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தபோது அம்மா மடையில் இறங்கினாள் என்று எழுதினாயே, அதையும் நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மாற்று ஆள் வரும் வரை இருக்கச் சொல்கிறார். பங்குனி பிறப்பதற்குள் கிளம்பிவிடுவேன். இது லீவு இல்லை. இனி ரிக் இல்லை. வீரபாகு பட்டறையில் பாதி இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். சைலன்சரில் குழாய் சுற்றுகிற வேலைக்கு ஆள் தேடி வருகிறார்கள் என்று தையில் வந்தபோது அவரே வாயால் சொன்னார். எண்ணெய் பக்குவம் உன்னுடையது. எஞ்சின் என்னுடையது. நடக்குமா, நடக்காதா என்று தெரியவில்லை. வீட்டில் இருந்துகொண்டு தெரிந்துகொள்ளலாம்.

அண்ணன் வாசலை நாம் மிதிக்க வேண்டாம். அவர் வந்தால் நம் வாசல் திறந்திருக்கட்டும்.

சண்முகவேல்

—

கொழிஞ்சிப்பட்டி,
5-3-1981

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்றைக்கு மத்தியானம் வந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எல்லா வரியையும் காட்டவில்லை. விட்ட இடங்களில் நிறுத்தியபோது, "என்ன புள்ள, எழுத்து தெரியலியா?" என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

கிழங்கு பிடுங்கி முடிந்தது. நல்ல கிழங்கு. மறுபடி குச்சி நட்டு, நேற்று உயிர்த் தண்ணீர் விட்டேன். எண்ணெயில் ஓட்டினேன். எஞ்சின் சிலசமயம் புகை கக்குகிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் எழுத வேண்டாம். வந்து பாருங்கள்.

தலை குனிந்து சோறு போட்டவளும் நான்தான். அவளுக்கும் பயம். நீங்கள் தலையை நிமிர்த்தியிருந்தால் அவளும் நிமிர்ந்திருப்பாள். இந்தத் தடவை யார் முதலில் நிமிர்வது என்று போட்டி வேண்டாம். நான் நிமிர்கிறேன்.

இந்தக் கடிதம் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதனால் எழுதாமல் விடலாம் என்று இருந்தேன். மனசு கேட்கவில்லை. முதல் தடவையாக, போய்ச் சேரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒரு கடிதம் எழுதுகிறேன். பின்பக்கம் நம் வீட்டு முகவரியை நன்றாகத் தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன். ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினால், தபால்காரரிடம் நீங்களே போய் வாங்குங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

தெய்வநாயகி